தவறான விடைக்கு என்ன பதில்?

1977-இல் டான் வுட்ஸ் விரித்தெழுதிய 'அட்வென்ச்சர்' என்ற குகை ஆட்டத்தில் முழு மதிப்பெண் 350. திரையில் படம் கிடையாது. நிற்கிற இடத்தைப் பற்றி நான்கு வரி, அதன் கீழே கட்டளைக்குக் காத்திருக்கும் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்கிற அளவில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்களைத் தட்டினால் அடுத்த நான்கு வரி வரும். புதையலைக் கொண்டுவந்து சேர்த்தால் மதிப்பெண் ஏறும், செத்தால் குறையும். ஆட்டம் ஆடுபவருக்கு மார்க் போட்ட காலம் அது. இப்போது கணக்கு தலைகீழ். இத்தகைய எழுத்தாட்டங்களுக்காக 1995-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவரும் ஊடாட்டப் புனைவுப் போட்டியில் ஆடியவர்கள் ஆட்டத்துக்கு 1 முதல் 10 வரை மார்க் போடுகிறார்கள். எதை வைத்துப் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இதுவரை ஒருமித்த பதில் வரவில்லை.

புதிரின் கூர்மையை அளப்பதா, கதையின் ஆழத்தை அளப்பதா, ஆடுபவருக்குக் கிடைக்கும் சுதந்திரத்தை அளப்பதா என்று மூன்று கட்சிகள் நெடுநாளாக வாதாடிவருகின்றன. மூன்றுமே ஒரு பொதுவான இடத்தைச் சுற்றிவருவதாகத் தோன்றுகிறது: தவறான விடை. ஆடுபவர் தப்பாக ஒன்றைச் சொல்லும்போது ஆட்டம் அவரை எப்படி நடத்துகிறது என்பதில்தான் எழுத்தாட்டத்தின் தரம் அதிகம் தெரிகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த வாதத்துக்கு உரைகல்லாகப் பட்டாசு ஆலைகளின் விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது. தப்பான ஓர் அடிக்கு அங்கே என்ன விலை என்பதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

வேதாளம் வைத்த விதி

எழுத்தாட்டத்தின் மூதாதை எது என்ற கேள்விக்கு நிக் மான்ட்ஃபோர்ட் 2003-இல் வெளியிட்ட நூலில் விடுகதையைக் கைகாட்டினார். நாவலையும் நாடகத்தையும் விட்டுவிட்டு விடுகதைக்குப் போனது ஆங்கில வாசகர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். தமிழில் அந்த வகைக்குத் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே 'பிசி' என்று பெயரும் இடமும் உண்டு. உவமையால் வருவது, சொன்னதிலிருந்து சொல்லாததை உய்த்துணர வைப்பது என்று இரண்டாகப் பிரித்தும் காட்டியிருக்கிறது. விடுகதைக்கு ஒரு நேர்மை இருக்கிறது. விடை தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால், அது கேள்வியின் சொற்களிலேயே ஒளிந்திருந்தது என்று ஒப்புக்கொள்ளத் தோன்றவேண்டும். அப்படித் தோன்றாத விடுகதையைப் பிள்ளைகள்கூட அழுகுணி ஆட்டம் என்று தள்ளிவிடுவார்கள்.

விடுகதையில் தப்பாகச் சொன்னால் கேலியோடு போகும். விக்கிரமாதித்தன் கதையில் போகாது. வாய் பேசாமல் தோளில் சுமந்துபோகும் ராஜாவிடம் வேதாளம் கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துச் சிதறும். சரியாகச் சொன்னாலோ மௌனம் கலைந்ததென்று வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடும், ராஜா மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைசிக் கதையில் மட்டும் அவனுக்கு விடை தெரிவதில்லை. பேசாமல் நடக்கிறான், வேதாளமும் தோளிலேயே இருக்கிறது. சரியான விடைக்குத் தண்டனை, தெரியாமைக்கு வெற்றி. கணினி ஆட்டம் எழுதுகிறவர்கள் 'சுழற்சி' என்று இன்று சொல்வதை இவ்வளவு விஷமத்தோடு அமைத்த இன்னொரு பழங்கதை உண்டா என்பது ஐயமே.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம் இதற்கு நேரெதிர். கட்டத்தில் புண்ணியத்தின் பெயர் இருந்தால் ஏணி, அசுரன் பெயர் இருந்தால் பாம்பு. ஆனால் எந்தக் கட்டத்தில் கால் வைப்பது என்று தாயக்கட்டைதான் சொல்கிறது. பாம்பு கடித்தால் அது ஆடியவரின் தவறன்று; தவறு செய்ததற்கான தண்டனை மட்டும் அவருக்கு வருகிறது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

புதிர்க் கட்சியும் அதன் கொடுமைகளும்

புதிரே உயிர் என்பவர்களின் வாதம் எளிமையானது: யோசிக்க வைக்காத ஆட்டம் பக்கம் புரட்டும் வேலைதான். இந்தக் கட்சியின் பொற்காலம் 1980-கள். இன்ஃபோகாம் நிறுவனத்தின் 'ஸார்க்' வரிசை அதன் கொடி. பலவீனமும் அங்கேயே வெளிப்பட்டது. டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் 1984-இல் செய்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட்' ஆட்டத்தில், தொடக்கத்தில் எதிர்ப்படும் ஒரு நாய்க்கு சாண்ட்விச் போடவேண்டும். போடாமல் போனால் அப்போது ஒன்றும் நடக்காது. பல மணி நேரம் ஆடிய பிறகு, வேறொரு இடத்தில், அந்த நாய் பசியோடு இருந்த காரணத்தால் ஆட்டம் தோற்கும். நடுவில் ஆடியதெல்லாம் வீண். ஆடியவர் எப்போதோ செத்துவிட்டார், அவருக்குத்தான் தெரியாது.

இந்த அனுபவத்திலிருந்துதான் மதிப்பீட்டின் முதல் உருப்படியான அளவுகோல் பிறந்தது. கிரஹாம் நெல்சன் 1990-களில் ஆடுபவரின் உரிமைகளைப் பட்டியலிட்டார்: முன்னறிவிப்பு இல்லாமல் கொல்லப்படாமல் இருப்பது, முன் பிறவியில் செத்துக் கற்ற பாடம் இல்லாமலே ஜெயிக்க முடிவது, ஒரே ஒரு குறிப்பிட்ட வினைச்சொல்லைத் தேடி அலைய நேராமல் இருப்பது என்று அது நீளும். ஆண்ட்ரூ ப்ளாட்கின் 1996-இல் கொடுமைக்கு ஐந்து படி வகுத்தார். இரக்கமுள்ள ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளவே முடியாது. மரியாதையான ஆட்டத்தில் மாட்டினால் உடனே தெரியும். கடினமானதில், மீள முடியாத காரியம் செய்யப்போகிறோம் என்பது செய்வதற்கு முன்பே தெரியும். அடுத்ததில் செய்த பின்புதான் தெரியும். கொடூரமானதில் செய்த பின்னும் தெரியாது. இந்த அளவுகோல் ஆட்டம் எவ்வளவு கடினம் என்று கேட்கவே இல்லை. தவறு நடந்த செய்தி ஆடுபவருக்கு எப்போது எட்டுகிறது என்பதை மட்டுமே கேட்கிறது.

நம்மூரில் இதே தகராறு வேறு வேஷத்தில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1930-களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் வாசகர்களைக் கூட்டிவந்தன. சூதாட்டம் என்ற பழியையும் கூடவே கொண்டுவந்தன. பரிசுக் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தலாம். ஆனால் நடத்துபவர் முன்பே தீர்மானித்து மூடிவைத்த விடை ஒன்றுதான். 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்தது. 1957-இல் உச்ச நீதிமன்றம் சமர்பாக்வாலா வழக்குகளில், கணிசமான அளவு திறமையைச் சார்ந்த போட்டிக்கும் சூதுக்கும் கோடு கிழித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்று சட்டம் கேட்டதும், தவறு என்னுடையதா, கேள்வி வைத்தவருடையதா என்று ஆடுபவர் கேட்பதும் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள்.

கதைக் கட்சி

1998 ஊடாட்டப் புனைவுப் போட்டியில் ஆடம் காட்ரேயின் 'ஃபோட்டோபியா' முதலிடம் பெற்றது. அதில் தோற்கவே முடியாது, எதைத் தட்டினாலும் கதை தன் முடிவை நோக்கி நகரும். புதிரை எடுத்துவிட்டாலும் எழுத்தாட்டம் நிற்கும் என்று கதைக் கட்சி அதை முன்நிறுத்தியது. 2009-இல் க்ரிஸ் க்ளிமாஸ் உருவாக்கிய 'ட்வைன்' கருவி வந்தபின் நிரல் எழுதத் தெரியாதவர்களும் இணைப்புகளைச் சொடுக்கும் கதைகளைச் செய்யத் தொடங்கினார்கள். கட்டளை தட்டவேண்டியதில்லை என்பதால் தப்பாகத் தட்டும் பேச்சும் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு, இது ஆட்டமே ஆகாது என்பது. அந்த மறுப்பு பலவீனமானது. பெயர்ச் சண்டையாகவே முடிகிறது. வலுவான மறுப்பு வேறொன்று: தவறே செய்ய முடியாத இடத்தில் சரியாகச் செய்ததற்கும் பொருள் குறைகிறது. 2019-இல் வந்த 'ஏஐ டஞ்சன்' இதை எல்லைவரை கொண்டுபோய்க் காட்டியது. மொழிமாதிரியைக் கொண்டு இயங்கும் அந்த ஆட்டம் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு கதையை வளர்க்கும். கையில் இல்லாத வாளை உருவினால், வாள் வந்துவிடும். சற்று நேரத்தில், நம் சொல்லுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒருவரோடு பேசுகிற அலுப்பு வருகிறது.

கதைக் கட்சியின் சிறந்த படைப்புகள் இந்த மறுப்பை முன்கூட்டியே உணர்ந்தவை. ப்ளாட்கினின் 'ஸ்பைடர் அண்ட் வெப்' (1998) ஆட்டத்தில் ஆடுபவர் பிடிபட்ட ஒற்றர். நடந்ததை விசாரணை அதிகாரியிடம் திரும்பச் சொல்கிறார். தப்பாக ஆடிச் செத்தால் அதிகாரி குறுக்கிடுகிறார்: நீ இதோ என் முன்னால் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாய், அப்படி நடந்திருக்க முடியாது, ஒழுங்காகச் சொல். தவறு ஆட்டத்துக்கு வெளியே விழாமல் கதைக்குள் பொய்யாகச் சேமிக்கப்படுகிறது. சாம் பார்லோவின் 'ஐல்' (1999) ஒரே ஒரு கட்டளையோடு முடிந்துவிடும். மறுபடி மறுபடி ஆடி, ஒன்றுக்கொன்று ஒத்துவராத முடிவுகளை அடுக்கித்தான் அந்த மனிதனைப் புரிந்துகொள்ள முடியும். 2013-இன் 'டிப்ரஷன் க்வெஸ்ட்' நியாயமான தேர்வுகளைத் திரையில் காட்டும், ஆனால் கோடு போட்டு அடித்திருக்கும். என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறது, செய்ய முடியவில்லை.

சுதந்திரத்தை அளக்கும் மூன்றாவது கட்சிக்கு எஸ்பன் ஆர்செத்தின் 1997 நூல் அடிப்படை. வாசகரின் உழைப்பு இல்லாமல் முன்னேறாத பிரதிகளைத் தனி வகையாக அவர் பிரித்துக் காட்டினார். வகைப்படுத்த அது உதவும். எந்த உழைப்பு வீண், எது தகும் என்று கேட்டால் அது மௌனமாகிவிடுகிறது.

சராசரியும் ஒரு வாழைப்பழமும்

மார்க் போடும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்சொன்ன போட்டியில் நடுவர் முதல் இரண்டு மணி நேர ஆட்டத்தை வைத்தே மார்க் போடவேண்டும், சராசரியே முடிவு. நாய்க்குப் போட மறந்த சாண்ட்விச் இரண்டு மணி நேரத்துக்குள் தெரியவராது என்பதால், கொடூரமான ஆட்டம் இங்கே தண்டனையிலிருந்து தப்ப வாய்ப்பிருக்கிறது. மெதுவாகத் தொடங்கும் நல்ல ஆட்டம் அகப்பட்டுக்கொள்ளும். இந்தக் குறையை நடத்துகிறவர்களும் அறியாதவர்கள் அல்லர் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு: மார்க்குகள் மிக அதிகமாகச் சிதறிய ஆட்டத்துக்கு, அதாவது சிலர் பத்தும் சிலர் ஒன்றும் போட்ட ஆட்டத்துக்கு, 'கோல்டன் பனானா ஆஃப் டிஸ்கார்ட்' என்று ஒரு பரிசு. வாழைப்பழத்தை வைத்துத் தகராறு செய்வது 'கரகாட்டக்காரன்' பார்த்த தமிழர்களுக்குப் புதிதன்று. சராசரி 5 என்ற எண் எல்லாரும் அரைமனதாக ஒப்புக்கொண்டதையும் சொல்லும், பாதிப்பேர் கொண்டாடிப் பாதிப்பேர் தூக்கியெறிந்ததையும் சொல்லும். இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்தப் பழம்தான் காட்டிக்கொடுக்கிறது.

தமிழில் தட்டினால்

இவ்வளவும் ஆங்கிலத்தை மையமாக வைத்து வளர்ந்த வாதங்கள். ஆங்கிலக் கட்டளை வினையில் தொடங்குகிறது; முதல் சொல்லைப் பார்த்தாலே நிரலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வரும், பொருள் உருபேற்று முன்னால் நிற்கும். 'பெட்டியைத் திற' என்பதில் ஐ உருபையும் த் ஒற்றையும் கழற்றினால்தான் பெட்டி கிடைக்கும். ஒற்றுப் போடாமல் 'பெட்டியை திற' என்று தட்டுகிறவரும், உருபே இல்லாமல் 'பெட்டி திற' என்கிறவரும், 'பெட்டிய தொற' என்று பேச்சில் எழுதுகிறவரும் உண்டு. நான்கையும் ஏற்காத ஆட்டம் 'புரியவில்லை' என்று சொல்லும்போது, அது புதிருக்கான தண்டனையாக இருக்காது, இலக்கணத் தேர்வில் போட்ட சுழியாக இருக்கும். நெல்சனின் வினைச்சொல் உரிமை தமிழில் ஒற்றுக்கும் உருபுக்கும் சேர்த்து விரியவேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆட்டம் ஆடுபவரை எப்படி விளிப்பது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் 'நீ கதவைத் திறக்கிறாய்' என்றால் பாடப்புத்தகம், 'நீங்கள் திறக்கிறீர்கள்' என்றால் வங்கிப் படிவம். ஐம்பது வயதுக்காரரை ஒரு நிரல் ஒருமையில் விளித்து 'உனக்குப் புரியவில்லையா' என்று கேட்டால், புதிர் எவ்வளவு நயமாக இருந்தாலும் மார்க் விழாது. சிவகாசிப் பட்டாசுப் பெட்டியின் பின்புறம் இதற்கு ஒரு தீர்வு உண்டு. 'திரியைக் கொளுத்தியதும் விலகி நிற்கவும்' என்கிற வகையில் 'உம்' ஏற்று வரும் வியங்கோள் ஒருமையும் பன்மையும் இல்லாமல், யாரையும் புண்படுத்தாமல் ஏவுகிறது. நாட்டில் அதிகம் படிக்கப்பட்ட ஏவல் உரைநடை அந்தப் பெட்டிகளில்தான் அச்சாகியிருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி வளர்ந்து, 1972 முதல் முத்து காமிக்ஸையும் 1984 முதல் லயன் காமிக்ஸையும் தந்த அச்சு ஊரில், சொல்லும் கட்டளையும் ஒரே தாளில் ஏறியது தற்செயல் என்றும் தள்ளிவிட முடியாது.

தமிழுக்குச் சாதகமான விஷயமும் உண்டு. வடக்கே போ, கிழக்கே போ என்று திசை சொல்லி நடத்துவது செயற்கை என்று ஆங்கில ஆட்டக்காரர்கள் நெடுநாளாக முணுமுணுக்கிறார்கள். கரிசல் நிலப் பேச்சில் அது இயல்பு. 'தெக்க தள்ளி உக்காரு', 'மேக்க பாத்து நில்லு' என்று திண்ணைக்குள்ளேயே திசை பேசுகிற மக்களுக்கு, குகை ஆட்டத்தின் மொழி அந்நியமாக இராது.

மீட்க முடியாத அடி

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தின் பட்டாசு ஆலை, அமைப்பில் எழுத்தாட்டத்தின் வரைபடத்தையே ஒத்திருக்கிறது: வெட்டவெளியில் இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, திரி வைக்கும் இடம், காயவைக்கும் மேடை. அறைக்குப் பொதுவாக 4 பேர், இன்ன அளவு மருந்து, இரும்புக் கருவி கூடாது என்ற விதிகள். விதி மீறலும் பழகிய வரிசையில்தான் வருகிறது: ஆர்டர் நெருக்கத்தில் அறையில் ஆள் கூடும், மரத்தடியில் வேலை நடக்கும், உரிமம் உள்குத்தகைக்குப் போகும், மீந்த கலவை மறுநாளுக்குத் தங்கும். பிறகு ஒரு சின்ன உராய்வு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20 பேருக்கும் மேல்.

விபத்துக்குப் பின் பெரும்பாலும் முதலில் வரும் விளக்கம் 'கவனக்குறைவு'. ப்ளாட்கினின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் பொய் தெரிகிறது. கடைசி உராய்வைச் செய்த கைக்குச் சொந்தக்காரர் அதற்குப் பல மணி நேரம் முன்பே, சில சமயம் பல நாள் முன்பே, வெல்ல முடியாத நிலையில் வைக்கப்பட்டிருக்கிறார். கலவை தங்கியது அவருக்குத் தெரியாது. இது கொடூரம் என்ற ஐந்தாவது படி. பரமபதக் கட்டையும் இதுதான்: தீர்மானித்தது வேறொன்று, கடி வாங்கியது இவர்.

இதை ஆட்டமாக்குவது தகுமா என்ற ஆட்சேபம் எழுவது நியாயம். சாவை 'மறுபடி ஆடு' என்ற பொத்தானால் அழிப்பது அந்த ஊர்களின் துக்கத்தை எளிதாக்கிவிடும் என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் நாவலும் சினிமாவும் பார்ப்பவரை வெளியே நிறுத்தி இரங்க வைக்கின்றன. எழுத்தாட்டம் 'வெளியே போ' என்று அவரையே தட்ட வைத்து, அன்றைய கூலி கணக்கில் இல்லை என்பதால் அந்தக் கட்டளை கோடிட்டு அடிக்கப்பட்டிருப்பதைக் காட்ட முடியும். 'டிப்ரஷன் க்வெஸ்ட்' கண்ட உத்தி இங்கே ஒரு பொருளாதார உண்மையாகிவிடும். ஆட்சேபத்தின் வலுவான பகுதி வேறு: இங்கே கொடூரம் என்பது ஆட்டத்தின் குறையா, அது சொல்லவந்த பொருளா? நெல்சனின் உரிமைகளை முழுக்க மதிக்கும் பட்டாசு ஆட்டம், முன்னறிவிப்பில்லாமல் யாரும் சாவதில்லை என்று பொய் சொல்லும். மதிக்காத ஆட்டம் ஆடுபவரை ஏமாற்றும். ஆடுபவரின் ஆள் சாகட்டும், ஆனால் அந்தச் சாவு எந்த நாளில், யாருடைய முடிவில் தொடங்கியது என்று பின்னோக்கிச் சென்று பார்க்கும் வழியை ஆட்டம் திறந்து வைக்கட்டும் என்பது ஒரு நடுவழி. விசாரணை அதிகாரி குறுக்கிட்டுத் திருத்தும் 'ஸ்பைடர் அண்ட் வெப்' உத்திக்கு இது நெருக்கம், தலைகீழாக: இங்கே விசாரிக்கவேண்டியவர் ஆடுபவர்.

தீராதவை

தவறை நடத்தும் விதத்தை அளவுகோலாகக் கொண்டால் புதிர்க் கட்சியையும் கதைக் கட்சியையும் ஒரே தராசில் வைக்க முடிகிறது. பழைய பெயர்ச் சண்டை ஓரளவு ஓய்கிறது. அது போதாத இடங்களும் உண்டு. 'ஃபோட்டோபியா' போலத் தவறுக்கே இடமில்லாத, ஆனாலும் ஆடியவர் மறக்காத படைப்புகளை இந்த அளவுகோல் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. எதையும் ஏற்கும் மொழிமாதிரிகள் இனி 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொண்டால், அந்த 'இல்லை' ஆசிரியருடையதா, நிகழ்தகவினுடையதா என்று கேட்கவேண்டிவரும். 1957-இன் திறமை-சூது வழக்கு அங்கே வேறு வடிவில் திரும்பக்கூடும். தமிழைப் பொறுத்தவரை இன்னும் அடிப்படையான ஒன்று பாக்கி. உருபு பிசகிய கட்டளையைத் தானே திருத்திக்கொண்டு முன்னேறும் ஆட்டம், 'திரியைப் பற்றவை' என்பதையும் 'திரிய பத்த வை' என்பதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் மருந்து அறைக்குள் இருப்பவர் 'விளக்கை பத்த வை' என்று தட்டினால், அது எழுத்துப் பிழையா, தெரியாமையா, தெரிந்தே எடுத்த முடிவா என்று அது எதை வைத்துத் தீர்மானிக்கும்? 'நிச்சயமாகவா?' என்று ஒருமுறை கேட்பது நல்ல ஆட்டத்தின் வழக்கம். அந்த அறையில் அப்படிக் கேட்க யாரும் இருப்பதில்லை என்பதும் ஆட்டத்தை எழுதுகிறவருக்குத் தெரியும்.